கேளாமல் சொன்ன சொல்

'வேண்டாம்' என்பதைப் போல் எளிய சொல் பெற்றோருக்கு வேறில்லை. காரணம் கேட்பாரில்லாத வீட்டில் அது சட்டமாகவே ஆகிவிடுகிறது. அச்சொல்லை நாம் ஒருமுறை ஆண்ட விதத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

நம் மூத்த மகன் பதினோராம் வகுப்பை முடித்திருந்த நேரம். அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருந்த நம்மிடம், கிதார் ஒன்று வாங்கித் தருமாறு கேட்டான். "மார்க்கத்துக்கு ஒவ்வாத காரியம், வேண்டாம்" என்றோம். அவன் எதிர்வாதம் புரியவில்லை. "ஒருமுறை கேட்டுவிட்டாவது சொல்லுங்களேன், வாப்பா" என்று மட்டும் கூறிவிட்டு உள்ளே போனான். நாம் கேட்கவில்லை.

இசைக் கருவிகள் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும் அன்று நம் உள்ளத்தில் இருந்தது மார்க்கமன்று, மதிப்பெண். படிப்பு கெட்டுவிடுமோ என்ற அச்சத்துக்கு மார்க்கத்தைப் போர்வையாக்கினோம். நாகூர் ஹனீபாவின் பாடல்களை வாத்தியங்களோடு கேட்டு இரவெல்லாம் மெய்ம்மறந்திருந்த நம் வாயிலிருந்தே அந்தக் காரணம் வந்தது என்பதை எண்ணுங்கால் இன்றும் நாணமாக இருக்கிறது.

மகன் படித்தான், வளைகுடாவில் வேலைக்கும் போனான். அண்மையில் அவனுடைய பழைய அலமாரியை ஒழித்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. தனக்குப் பிடித்த கிதார்க் கலைஞர்களின் பெயர்களையும், அவர்கள் வாசித்தவற்றுள் சிறந்தவற்றையும் வரிசையிட்டு எழுதி வைத்திருந்தான். பாடகர் வாய்மூடி நிற்க, கிதார் மட்டும் தனித்துப் பேசும் பகுதியை 'ஸோலோ' என்பார்களாம். இஷாவுக்குப் பின் இரவுக்கு ஒன்றாக அவற்றைக் கேட்கத் தொடங்கினோம்.

முதற்பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அமெரிக்கப் படையில் சிறிது காலம் பாராசூட் வீரராக இருந்த கறுப்பின இளைஞர். 1969 ஆகஸ்ட் 18-ஆம் நாள் காலை, வுட்ஸ்டாக் இசைவிழாவில் தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தார். இடையிடையே குண்டு விழும் ஓசையும் அபாயச் சங்கின் ஓலமும் அதே தந்திகளிலிருந்து எழுகின்றன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முதலில் வெறும் இரைச்சல் என்றே எண்ணினோம். மும்முறை கேட்ட பின்னரே அது புலம்பல் என்பது விளங்கிற்று.

அடுத்தவர் டோனி ஐயோமி. பர்மிங்காம் நகரத் தொழிற்சாலையொன்றில், பதினேழாம் வயதில், வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறையத் தந்திகளையும் தளர்த்திக்கொண்டார். அந்தத் தளர்ச்சியே பிற்காலத்தில் அவருக்குரிய கனத்த நாதமாயிற்று.

ஆனால் நம்மைக் கட்டிப்போட்டவர் பிரையன் மே. கடைக் கிதார் வாங்க வசதியில்லாத வீடு. 1963-ல், பதினாறு வயது மகனும் மின்னணுத் துறை அறிந்த தந்தை ஹரால்டும் சேர்ந்து தாங்களே ஒரு கிதார் செய்யத் தொடங்கினர். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து அதன் கழுத்தைச் செதுக்கினர். புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும், தாயின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் அதில் இடம்பெற்றன. முடிக்க ஏறத்தாழ ஈராண்டாயிற்று.

அதே மகன் வானியல் ஆராய்ச்சிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு 'குவீன்' குழுவோடு போனபோது, தந்தைக்குத் தாங்கவில்லை. இருவருக்கும் நெடுநாள் மனத்தாங்கல். பின்னர் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் மகனின் வாசிப்பை நேரில் கண்டபின்பே அவர் மனம் ஆறியதாக மே கூறியிருக்கிறார். விடுபட்ட முனைவர் பட்டத்தையும் 2007-ல் மகன் பெற்றார். 1975-ல் வெளியான 'பொஹீமியன் ராப்ஸடி'யில் அவர் வாசித்த ஸோலோ, பாடகரின் மெட்டைத் திருப்பிச் சொல்வதில்லை. தனக்கென ஒரு மெட்டைப் பாடுகிறது. நம் பிள்ளைகளும் நம் மெட்டையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றுதானே நாம் எதிர்பார்க்கிறோம்!

நோட்டின் கடைசிப் பக்கத்தில் யூசுப் இஸ்லாம் பெயர் இருந்தது. காட் ஸ்டீவன்ஸ் என்று புகழ்பெற்று, 1977-ல் இஸ்லாத்தைத் தழுவி, கிதாரைத் துறந்தவர். பல்லாண்டு கழித்து மகன் ஒரு கிதாரை வீட்டுக்குக் கொண்டுவர, அதைத் தந்தை கையிலெடுத்தார். 2006-ல் அவருடைய புதிய பாடல் தொகுப்பு வெளிவந்தது. அவர் துறந்ததும் ஆய்ந்து எடுத்த முடிவு; மீண்டும் ஏற்றதும் அவ்வாறே. நாமோ எதையும் ஆயவில்லை.

சென்ற வெள்ளியன்று மகனைத் தொலைபேசியில் அழைத்து, நோட்டில் உள்ளவற்றையெல்லாம் கேட்டுவிட்டோம் என்றோம். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. "இப்போது கிதார் வாங்கிப் பழகேன்" என்றோம். "இனி எங்கே வாப்பா நேரம்!" என்று மெல்லச் சிரித்தான். பிறகு, "உங்களுக்கு எது பிடித்தது, சொல்லுங்கள்" என்றான். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். வேலை, சம்பளம், உடல்நலம் ஆகியவற்றுக்கு அப்பால் அவனோடு நாம் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதன்முறை.

பெற்றோரே! பிள்ளைகள் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மறுக்க வேண்டியதை மறுத்தே ஆக வேண்டும். ஆயினும் மறுக்குமுன் ஒருமுறை செவிகொடுங்கள். மறுக்கும் காரணம் மார்க்கமாயின் மார்க்கமென்றும், அச்சமாயின் அச்சமென்றும் உள்ளபடியே சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.