சூப்பர்மேனும் அவனைப் படைத்தோரும்



1938-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்க நாட்டுப் பத்திரிகைக் கடைகளில் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ என்னும் புதிய சித்திரக்கதை இதழொன்று விற்பனைக்கு வந்தது. விலை 10 சென்ட். அட்டையிலே, நீல உடையும் சிவப்பு மேலங்கியும் தரித்த ஒருவன் பச்சை நிற மோட்டார் வண்டியொன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகின்றான். அருகிருந்தோர் அலறியடித்து ஓடுகின்றனர். இன்று உலகமெல்லாம் அறிந்த சூப்பர்மேன் இவ்வாறுதான் அறிமுகமானான்.

நம் பங்கைச் சேர்ந்த தாயொருவர் அண்மையில் என்னிடம், “சாமி, பையன் எந்நேரமும் இந்தச் சூப்பர்மேன் புத்தகமும் கையுமாகவே இருக்கிறான். அடிதடியைத் தவிர அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். எதையும் மூலத்தில் படித்தறிந்த பின்னரே கருத்துச் சொல்ல வேண்டும் என்பது குருமடத்தில் எமக்கு ஊட்டப்பட்ட பழக்கம். ஆகவே அந்த முதற்கதையின் மறுபதிப்பைத் தேடிப் படித்தேன். மொத்தம் 13 பக்கங்களே.

அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு தாவலில் ஏறத்தாழ 200 மீட்டர் கடப்பான்; விரைவு இரயிலையும் முந்துவான்; வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. இத்தனை ஆற்றலையும் கொண்டு அவன் முதற்கண் செய்தது யாது? செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்ற, நள்ளிரவில் மாநில ஆளுநரின் மாளிகைக்கு ஓடுகின்றான். உண்மையான குற்றவாளியைக் கட்டித் தூக்கிச் சென்று தோட்டத்தில் கிடத்திவிட்டு, ஆளுநரின் படுக்கையறையைக் காத்து நின்ற எஃகுக் கதவைப் பிய்த்தெறிந்து உள்ளே நுழைகின்றான். தண்டனை நிறைவேறச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கையில் தொலைபேசி ஒலிக்கின்றது, அப்பெண் பிழைக்கின்றாள். ஏழையின் முறையீடு எட்டாத இடத்தில் எஃகுக் கதவுக்குப் பின்னால் அதிகாரம் உறங்குவதாக எழுதியவன் உலகம் அறிந்தவன் என்றே எனக்குத் தோன்றிற்று.

அடுத்து அவன் செல்லுமிடம் இன்னும் வியப்பானது. ஒரு சாதாரண வீடு. அங்கே கணவன் மனைவியை அடித்துக்கொண்டிருக்கின்றான். சூப்பர்மேன் அவனைச் சுவரில் எறிகின்றான். அவன் கத்தியை ஓங்க, கத்தி முறிகின்றது. அவன் மயங்கி விழுகின்றான். முப்பது ஆண்டுகளாக வீடுகளைச் சந்தித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அண்டை வீட்டார் “அது குடும்ப விஷயம்” என்று கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த இடத்துக்கு, 1938-இல் வந்த ஒரு சிறுவர் புத்தகத்தின் நாயகன் உலகின் வேறெந்தப் பெரிய பகைவனையும் தேடிப் போகுமுன்னே போய்விட்டான் என்பது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. முரடனை முரட்டுத்தனத்தால் திருத்துவதை நான் ஏற்பவன் அல்லன். எனினும் யார் பக்கம் நிற்பது என்பதில் அந்தக் கதைக்குத் தடுமாற்றமே இல்லை. இறுதியில் தலைநகர் வாஷிங்டனுக்கே சென்று, நாட்டைப் போரில் இழுத்துவிடச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரோடு பேரம் பேசும் ஆசாமியைப் பிடிக்கின்றான்.

இக்கதையை எழுதியவர் ஜெரி சீகல். வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பயின்ற யூத இளைஞர்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. சீகலின் தந்தை துணிக்கடை வைத்திருந்தவர். 1932-இல் அக்கடையில் திருடர் புகுந்தபோது மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு நண்பர் இருவரும் தாமே நடத்திய சிற்றிதழில் முதன்முதலாக ‘சூப்பர்மேன்’ என்ற பெயரைப் பயன்படுத்தினர். ஆனால் அவன் கொடியவன்! பிறகுதான் அப்பெயரை நல்லவன் ஒருவனுக்குச் சூட்டினர். தந்தையின் மரணத்திற்கும் இந்த மாற்றத்திற்கும் தொடர்பு உண்டு எனச் சிலர் கருதுகின்றனர். மகனின் மனத்தை யாரறிவார்?

செய்தித்தாள்களுக்குக் கதை வழங்கும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அக்கதையைத் திருப்பியனுப்பின. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு பதிப்பகம் ஏற்றது. 13 பக்கங்களுக்கு 130 டாலர்; அத்தொகையோடு சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் உரிமை முழுவதும் பதிப்பகத்தையே சேரும். அந்நாளில் அதுவே வழக்கம் என்பார்கள். இருவரும் கையொப்பமிட்டனர். அறநெறியியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: வேறு வழியில்லாதவன் கொடுக்கும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா? சட்டம் ஆகும் என்றது. ஏறத்தாழ பத்தாண்டுகள் பக்கக் கணக்கில் அவர்களுக்கு ஊதியம் கிடைத்தது, நல்ல ஊதியமே. அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1947-இல் உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தபின் வேலை போயிற்று. கதையின் தலைப்பில் இருந்த அவர்களுடைய பெயர்களும் போயின.

1975-இல், சூப்பர்மேனைப் பெரும் பொருட்செலவில் திரைப்படமாக்கப் போகின்றார்கள் என்ற செய்தி பரவியபோது, சீகல் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. எத்தனையோ சிறுவரின் கண்களைக் கவர்ந்த உருவத்தை வரைந்த கை, கோடு போட இயலாமல் இருந்தது. சீகல் தம் குறையை விரிவாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வேறு சித்திரக்காரர்கள், அவர்களைவிட இளையவர்கள், முன்வந்து அவர்களுக்காக வாதாடினர். எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாத நிலையில், ஊர் பழிக்குமே என்ற அச்சத்தினாலோ என்னவோ, அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் இணங்கிற்று: இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம், ‘படைத்தவர்கள்’ என்று பெயரும் மீண்டும் இடம்பெறும். 1978-இல் வந்த திரைப்படத்தில் அப்பெயர்கள் ஒளிர்ந்தன. ஷஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் காலமாயினர்.

அந்தத் தாயிடம், “படிக்கட்டும் அம்மா, முதற்கதையையும் தேடிக் கொடுங்கள்” என்றேன். படைத்தவர்களின் கதையையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “பொம்மையில் வந்தவன் அடுத்த வீட்டுக்கெல்லாம் போனான், இவர்கள் வீட்டுக்குத்தான் வரவில்லை” என்றார்.

10 சென்டுக்கு விற்ற அவ்விதழின் பிரதிகள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு முன்னரே, 2012-இல், அந்த 130 டாலரை உள்ளடக்கிய பழைய காசோலையும் ஏலத்திற்கு வந்தது. 1938 மார்ச் முதல் நாளிட்ட அது பிற வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து மொத்தம் 412 டாலருக்கானது. அதை ஒருவர் 1,60,000 டாலர் கொடுத்து வாங்கினார். பணம் பெறுவதற்காக இருவரும் இட்ட கையொப்பங்கள் அதன் பின்புறத்தில் இன்றும் உள்ளன.