தனிய இருக்க விடுறதும் ஒரு உதவிதான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

தரம் 8 பிள்ளைகளுக்குப் பண்புப்பெயர் படிப்பிக்கும்போது 'மை' விகுதியில் முடிகிற சொற்களைக் கேட்டால் கொட்டுவார்கள். வறுமை, வெறுமை, கொடுமை, தனிமை. இனிமையும் பொறுமையும் பிறகுதான் வரும். தனிமையை வைத்து ஒரு வசனம் சொல்லச் சொன்னால் பாதிப்பேர் கொரோனாவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் பலர் அந்தச் சொல்லை முதலில் கேட்டதே பள்ளிவாசல் ஸ்பீக்கரில் வந்த 'தனிமைப்படுத்தல்' அறிவித்தலில்தான்.

வீட்டில் நாங்கள் 'தனிமை' என்று சொல்வதே குறைவு. 'தனிய' தான். "என்ன புள்ள, தனியவா வந்த?" "பாவம், மூத்தம்மா தனிய கிடக்கா." "அவவத் தனிய உட்டுட்டுப் போகாதீங்க." கவனித்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரு பதற்றம் இருக்கிறது. ஆம்பிளைக்கு மட்டும் ஒரு சலுகை. "தனிய நிண்டு உழைச்சு மூணு குமரையும் கரை சேத்தான்" என்றால் அது பாராட்டு. "அவ தனிய கொழும்புக்குப் போய் வாறா" என்றால் அது எந்தத் தொனியில் சொல்லப்படும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே சொல்தான்.

எங்கள் அம்பாறைப் பக்கத்துச் செய்திகளில் 'தனியன் யானை' அடிக்கடி வரும். பருவம் வந்த ஆண் யானை கூட்டத்தை விட்டுப் பிரிவது அதன் இயல்பு. ஆனாலும் 'தனியன்' என்று கேட்டதும் நாங்கள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டுகிறோம். (அந்தக் கதவு யானைக்குக் காணாது, அது வேற கதை.) சிங்களத்திலும் 'தனியம' என்றால் தனியாகத்தான். அவர்களுடைய கிராமங்களில் தனிய நடமாடுகிறவரைப் பேய் பிடிக்கும் என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

கல்வியியற் கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் மலையகத்துத் தோழி ஒருத்தி இருந்தாள். விடிய முன்னம் எழும்பி, தண்ணித் தாங்கிப் பக்கம் போய்ப் பத்து நிமிசம் சும்மா இருந்துவிட்டு வருவாள். என்ன சுகமில்லையா, யாரோடும் கோபமா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவள் அந்தப் பத்து நிமிசத்தையும் விட்டுவிட்டாள்.

மார்க்கம் தெரிந்த சமூகம் நாங்கள். வஹி வருவதற்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகைக்குப் போய்த் தனித்திருந்தது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ரமழான் கடைசிப் பத்தில் இஃதிகாப் இருக்கிற காக்காமாரைப் பார்த்து "பாவம், தனிய இரிக்காங்க" என்று யாரும் சொல்வதில்லை.

நாங்களாகத் தேடிப் போகிற தனிமையும் உண்டு, பிடித்துத் தள்ளுகிற தனிமையும் உண்டு. இரண்டாவதை இந்த நாட்டில் எங்களை விட அறிந்தவர்கள் குறைவு. 1897ஆம் ஆண்டின் பழைய தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. 2021 மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருடம், கொழும்பில் மௌத்தானாலும் கண்டியில் மௌத்தானாலும் அந்த ஓர் இடம்தான். கப்றில் தனியத்தான் இருக்கப் போகிறோம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஊர் மையவாடியில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பக்கத்தில் கிடப்பது ஒன்று, ஆள் தெரியாத ஊரில் கிடப்பது இன்னொன்று.

இவ்வளவும் எழுத வைத்தது வேறொரு விசயம்.

என்னோடு படிப்பித்த ஒரு ராத்தாவின் மாப்பிள்ளை திடீரென்று மௌத்தாகிவிட்டார். தாபன விதிக்கோவைப்படி முஸ்லிம் பெண் உத்தியோகத்தருக்கு இத்தாவுக்கு 4 மாதமும் 10 நாளும் சம்பளத்தோடு விசேட விடுமுறை உண்டு. எடுத்தா. முடித்துவிட்டு வந்து மூன்றாம் நாள், பாடம் நடத்திக்கொண்டிருந்தவ வெண்கட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து அழுதா. இத்தாவில் அழுது முடிக்கவில்லையா என்று ஒருத்தர் கேட்டேவிட்டார்.

பிறகு ராத்தா என்னிடம் சொன்னது: "எங்க புள்ள அழுற? விடியக் கண் முழிச்சா பாய் நிறைய ஆக்கள். அழாதீங்க, மௌத்தானவருக்கு வேதனை எண்டு ஒருத்தர். புள்ளைகளுக்காகத் தைரியமா இரிங்க எண்டு ஒருத்தர். பயந்திருவேன் எண்டு ராவைக்கும் பக்கத்தில ஆள். நாலு மாசமும் பத்து நாளும் ஒரு மணித்தியாலம் என்னைத் தனிய உடல்ல. இத்தா முடிஞ்ச அண்டைக்குப் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனவங்கதான். இப்ப ஒருத்தரும் வாறல்ல."

வந்த பெண்கள் கெட்டவர்கள் இல்லை. சோறு கொண்டு வந்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், யாஸீன் ஓதினார்கள். ஆனால் அந்த அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, அரை மணித்தியாலம் குசினியில் இருப்போம் என்று ஒருத்தருக்கும் தோணவில்லை. தனிய விடுவது எங்கள் பாசையில் கைவிடுவது. அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. அதே போல் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் யாரும் படிப்பிக்கவில்லை.

ராத்தா இப்போது இடமாற்றம் கிடைத்து வேறு வலயத்துக்குப் போய்விட்டா. கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க புள்ள. என்ட பேரு வேணாம். ஆனா இத்தா ஊட்டுக்குப் போற பொம்புளையள் வாசிக்கிற மாதிரி எழுதுங்க" என்றா.