சாப்பு விழுந்த வெள்ளி டாலர்

மலேசியத் தமிழர்களில் பழங்காசு சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் சோழர் காசில் தொடங்குவார்கள். அல்லது பாட்டியின் பெட்டியில் கிடந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில். நான் தொடங்கியது அமெரிக்கக் காசில். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: நமக்கும் அமெரிக்கக் காசுக்கும் என்ன சம்பந்தம்? 1874 முதலே சம்பந்தம் உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் அமெரிக்க வணிக டாலரைச் சட்டப்படி செல்லும் பணமாக ஏற்றுக்கொண்டது அந்த ஆண்டில்தான். ஸ்பெயின், மெக்சிகோ டாலர்களும் ஜப்பானிய யென்னும் புழங்கிய அதே சந்தையில் அதுவும் கைமாறியது.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தருகிறவர் கிள்ளானில் இருக்கும் ஒரு பெரியவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். ஐயா என்றே எழுதுகிறேன். ஞாயிறு காலையில் கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கி, ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி அவர் வீட்டுக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மேசையில் ஒரு விளக்கு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னத் தராசு, ஒரு காந்தம், கீழே விரித்த மெத்தென்ற துணி. அவருடைய பட்டறை இவ்வளவுதான்.

தொடக்கத்தில் எதையும் வாங்க அவர் விடவில்லை. “காசைக் கொடுத்துக் காசு வாங்குறதுக்கு முன்னாடி கண்ணுக்கு வேலை கொடும்மா” என்பார். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்; முகத்தில் விரல் படக்கூடாது. துணிக்கு மேலேதான் கையில் எடுக்க வேண்டும். பிறகு விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். அச்சில் அடித்தபடியே இருக்கும் காசில் ஒளி ஒரே இடத்தில் நிற்காது. காற்றாடியின் இறக்கை போல முகமெங்கும் சுற்றிவரும். யாரோ தேய்த்துத் துலக்கிய காசும் பளபளக்கும், ஆனால் அதில் ஒளி சுற்றாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பிடிக்கும்வரை அவர் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை.

பயிற்சிக்கு அவர் எடுத்தவை மலிவான காசுகள். லிங்கன் தலை பொறித்த ஒரு சென்ட், இறக்கை வைத்த தொப்பியோடு சுதந்திர தேவி இருக்கும் பத்து சென்ட். இரண்டாவதை மெர்க்குரி டைம் என்பார்கள். 1916 முதல் 1945 வரை அடித்தார்கள், எடை இரண்டரை கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதன் பின்பக்கத்தில் கோல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு இருக்கிறது. நடுவில் சுற்றிய பட்டைகளுக்கு இடையே கோடு முழுசாகத் தெரிகிறதா, தேய்ந்து ஒன்றாகிவிட்டதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த இடம்தான் முதலில் தேயும். எந்தக் காசை எடுத்தாலும் அதில் மேடான இடம் எது என்று முதலில் தேடு என்பது அவர் பாடம். தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் விற்பவர் சொல்லும் தரத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

லிங்கன் சென்டில் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு எழுத்தைப் பார்க்கப் பழக்கினார். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை, டி என்றால் டென்வர், எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 1909-இல் இந்தக் காசு வெளிவந்தபோது அதை வடித்த விக்டர் டேவிட் பிரென்னர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்பக்கத்தில் பொறித்திருந்தார். அவை பெரிதாகத் தெரிகின்றன என்று எதிர்ப்பு எழ, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 காசுகள் அடித்தாகிவிட்டன. பிலடெல்பியாவில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். ஒரே காசு, ஒரே ஆண்டு. ஆனால் எஸ் எழுத்து உள்ளது அரிது, இல்லாதது எளிது. அதனால்தான் இல்லாத காசில் எஸ் ஒட்டிவைக்கும் வேலை நடக்கிறது. எழுத்தின் அடியில் லென்ஸை வைத்து, அது உலோகத்திலிருந்தே எழும்பியிருக்கிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

1943-ஆம் ஆண்டு சென்டைக் கையில் கொடுத்தபோது காந்தத்தையும் கொடுத்தார். காசு போய் ஒட்டிக்கொண்டது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஓர் ஆண்டில் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். ஐயா தன் ஆல்பத்தில் அந்தக் காசுக்குப் பக்கத்திலேயே ஜப்பான் காலத்துப் பத்து டாலர் வாழைமர நோட்டை வைத்திருக்கிறார். அமெரிக்காவில் செம்பு தட்டுப்பாடான அதே ஆண்டில்தான் நம் தோட்டத்து மக்களைச் சயாம் மரண ரயிலுக்கு வாரிக்கொண்டு போனார்கள். அவர்கள் கையில் புழங்கியது இந்த நோட்டு. ஜப்பானியர் சரணடைந்ததும் அது வெறும் காகிதமானது. நாடு வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கிய எத்தனையோ ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பக்கம் சொல்வதை அவை எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

நம் வீடுகளில் வெள்ளி என்றால் கை தானாகப் புளிக்கோ விபூதிக்கோ போகும். குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் அது சரி. காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் மேல்தோலை அரித்துவிடும். விபூதி நுண்ணிய கீறல்களைப் போடும். நூறாண்டு காற்றுபட்டு ஏறிய சாம்பல் நிறமும் நீலமும் பழுப்பும்தான் காசு யார் கையாலும் துலக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சி. அது போய்விட்டால் திரும்பாது. விலையும் அதோடு வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் ஊர் ஈரக்காற்று இன்னொரு பகை. மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. இருக்கும், வெப்பத்தில் அது கசிந்து காசின்மேல் பச்சைப் பசையாகப் படியும். அதனால் மைலர் உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வணிக டாலரை வெளியே எடுத்தார்.

அது பிறந்தது நெவாடா சுரங்கங்களில் வெள்ளி பெருகிக் குவிந்த காலத்தில். கீழ்த்திசை வணிகத்தில் ஆட்சி செலுத்திய மெக்சிகோ டாலரோடு போட்டிபோட, அதைவிடச் சற்றே கூடுதல் எடையில் 1873-இல் அமெரிக்கா ஒரு டாலரை அடித்தது. வரைந்தவர் வில்லியம் பார்பர். சரக்குப் பொதிகளின்மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் சுதந்திர தேவி. நீட்டிய கையில் ஒலிவக் கிளை. பின்பக்கம் கழுகு, அதன் கீழே 420 கிரெயின், 900 நயம் என்று எடையும் தரமும் பொறித்திருக்கிறது. கிராமில் 27.22. அமெரிக்கர்கள் செலவழிக்க அடித்த காசல்ல இது. ஆசியக் கடைத்தெருவுக்காக அடித்தது. கோலாலம்பூரில் தம்புசாமிப் பிள்ளை மகாமாரியம்மன் கோயிலை நிறுவியதும் அதே 1873-இல்தான். ஜாலான் துன் எச்.எஸ். லீ பக்கம் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் கோயிலுக்கும் வணிக டாலருக்கும் ஒரே வயது.

ஐயாவிடம் இருப்பது 1877-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ காசு. அந்த நாணயச்சாலையில் அவ்வாண்டு 95 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள், ஆகவே அரிதானது அல்ல. ஆனால் அதன் இரு பக்கத்திலும் சாப்புகள் விழுந்திருக்கின்றன. தேவியின் முழங்காலுக்கருகே ஒரு சீன எழுத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பூ மாதிரிக் குறி, கழுகின் இறக்கையில் இன்னொன்று. வெள்ளியைச் சோதித்த சீன வணிகர்களும் காசு பார்ப்பவர்களும் ‘இது நல்ல வெள்ளி’ என்று ஆளுக்கொரு முத்திரையை அடித்து அனுப்பினார்கள். கடை மாற மாற முத்திரையும் கூடியது.

இந்தக் காசுக்கு அமெரிக்கா செய்ததைக் கேட்டபோது எனக்கு மனம் வலித்தது. 1876-இல் அமெரிக்காவுக்குள் இந்த டாலரின் செல்லுபடியை நீக்கினார்கள். 1887-இல் பழைய காசுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. சிதைந்த காசு மட்டும் ஆகாது என்றது. சாப்பு விழுந்த காசெல்லாம் சிதைந்தது என்ற கணக்கில் போயிற்று. ஆசியாவில் எது நம்பிக்கையின் முத்திரையோ, அதுவே அங்கே தள்ளுபடிக்குக் காரணம். நெடுங்காலம் சேகரிப்பாளர்களும் இவற்றைச் சேதக் காசு என்றே ஒதுக்கினார்கள். இன்று இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில், நம் பக்கத்தில் இருந்து அமெரிக்கக் காசு சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காசு கிடையாது. பெட்டகத்திலேயே தூங்கி 70-க்கு 65 மதிப்பெண் வாங்கிய டாலர் அழகுதான். ஆனால் அது எங்கும் போகவில்லை, யாருக்கும் சோறு போடவில்லை.

வணிக டாலரில் கள்ளக் காசு ஏராளம். ஆகவே ஐயா மிக நீண்ட நேரம் செலவழித்தது இங்கேதான். முதலில் தராசு: 27.22-லிருந்து தேய்மானத்துக்காகச் சிறிது குறையலாம். மூன்று நான்கு கிராம் குறைந்தால் கையிலிருந்து கீழே வைத்துவிட வேண்டும். அடுத்தது காந்தம்: வெள்ளி ஒட்டாது. பிறகு விளிம்பு: வார்த்த காசில் இரண்டு பாதிகள் சேர்ந்த தையல் தெரியும், வரிகள் மழுங்கியிருக்கும். பிறகு ஆண்டு: 1873-க்கு முந்தைய ஆண்டு போட்ட வணிக டாலர் இருக்கவே முடியாது, ஆனால் விற்கிறார்கள். கடைசியில் காது. காசை விரல் நுனியில் நிறுத்தி, பேனா முனையால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீளமாகப் பாடும். மட்ட உலோகம் சொத்தென்று அடங்கும். வெள்ளி டாலர் புழங்கிய நாளில் லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் கணக்குப் பார்த்த நகரத்தாருக்கும் இந்தக் காது தேவைப்பட்டிருக்கும். சாப்பையும் சோதிக்க வேண்டும். நிஜமாக அடித்த சாப்பைச் சுற்றி உலோகம் சற்றுப் பிதுங்கி நிற்கும், மறுபக்கத்தில் அந்த அடியின் தடம் லேசாகத் தெரியும். காசோடு சேர்த்து வார்த்த சாப்பில் இரண்டும் இருக்காது.

இந்த நாட்டில் பல நாட்டு டாலர்களின் காலம் 1903-இல் முடியத் தொடங்கியது. ஏழாம் எட்வர்ட் தலையோடு நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே ஒரு டாலரைப் பம்பாய் நாணயச்சாலையில் அடித்து இறக்கினார்கள். அடுத்த ஆண்டே மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வணிக டாலரும் செல்லாமல் போயின.

அமெரிக்க வெள்ளிக்கும் நமக்கும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. முதல் உலகப்போரின்போது இந்தியாவில் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் திரண்டார்கள். அரசிடம் வெள்ளி இல்லை. 1917-இல் ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு வந்தது அதனால்தான். 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றை இயற்றி, கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது; அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குப் போனது. அப்படி உருகிய மார்கன் வகை டாலர் ஒன்றில் உள்ள தூய வெள்ளி இரண்டேகால் ரூபாய்க்குக் காணும். அந்த ஆண்டுகளின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்தான் இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளில் அதிகம் அகப்படுகிறது. இங்கே பால் மரம் வெட்டி ஊருக்குப் பணம் அனுப்பியவர்களின் குடும்பங்கள் வாங்கிய ரூபாயில், மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்கக்கூடும். இதை ஐயா தாளில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, அமெரிக்கக் காசு, நம் காசு என்று பிரித்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

கற்க விரும்புகிறவர்களுக்குக் கோலாலம்பூரில் நல்ல இடம் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகம். நாணயக் கூடத்தில் நேரம் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். கண் பழகியபின் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால் ஞாயிற்றுச் சந்தைக்குப் போங்கள். தராசும் காந்தமும் கையில் இருக்கட்டும். முதலீடு என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பாட்டியின் பெட்டியில் கறுத்துப்போன பெரிய வெள்ளிக் காசு இருந்தால், காசுமாலையிலிருந்து கழன்ற டாலர் இருந்தால், புளி போட்டுத் துலக்காதீர்கள். உருக்குவதற்கு நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் விளக்கடியில் சாய்த்து, ஆண்டையும் எழுத்தையும் சாப்பையும் பாருங்கள். அது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அந்தக் காசோடு வையுங்கள்.