உள்ளே பாட்டி, வெளியே குடும்பம்... ஒலக்கூரில் பூட்டிக்கொண்ட 'வேன் வீடு'!

கேரவன் என்றாலே நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். ஹீரோ ஏறுவார், கதவு மூடும், ஏசி ஓடும். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஆசை சாதாரணக் குடும்பங்களுக்கும் தொற்றிவிட்டது. 2021-ல் கேரள சுற்றுலாத் துறை கேரவன் சுற்றுலாவை அறிவித்ததும் ஆசை இன்னும் கூடியது. புது கேரவன் வாங்க முடியாதவர்கள் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, சிங்க் வைத்து, 'வேன் வீடு' ஆக்கிவிடுகிறார்கள். (முறையாக ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். இதை மறந்துவிட்டு கட்டிலுக்கு மெத்தை கலர் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம்.)

தாம்பரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வண்டியும் அப்படி உருவானதுதான். அப்பா, அம்மா, பத்தாவது படிக்கும் மகள், 78 வயதுப் பாட்டி. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார்கள். தொழுப்பேடு தாண்டி, ஓங்கூர் பாலம் தாண்டி, ஒலக்கூர் பக்கம் வந்தபோது மணி பதினொன்றரை. சாலையோரம் தர்பூசணிக் குவியல், நுங்கு, பனை ஓலை. ஒரு டீக்கடை வேப்பமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார் அப்பா.

பாட்டிக்கு முழங்கால் வலி. "நான் இறங்கல, நீங்க போய்ட்டு வாங்க" என்று பின்பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டார். காதில் இருந்த மெஷினைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

இங்கேதான் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அப்பா இன்ஜினை நிறுத்தினார். "டீதானே" என்று சாவியை டேஷ்போர்டில் விட்டுவிட்டு, வருஷக்கணக்கான பழக்கத்தில் லாக்கை அழுத்திக் கதவைச் சாத்தினார். அம்மா இந்தப் பக்கக் கதவை அதேபோல. மகள் நடுக்கதவு வழியாக இறங்கினாள். அவள் இறங்கிய மறு நிமிடம் பாட்டி எழுந்து வந்து உள்கொண்டியைப் போட்டார். 'நாங்க இறங்கினதும் கொண்டி போட்டுக்கோங்க, யார் தட்டினாலும் திறக்காதீங்க' என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே மகன்தான்.

டீ குடித்து முடித்து, மகள் ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டை வாங்கிக்கொண்டு (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தட்டினார்கள். கத்தினார்கள். அம்மாவின் போனிலிருந்து பாட்டிக்கு ரிங் கொடுத்தார்கள். உள்ளே பைக்குள் எங்கேயோ மணி அடிப்பது வெளியே கேட்டது. பாட்டிக்குக் கேட்கவில்லை. வெயிலுக்காக ஜன்னல்களில் வெள்ளி நிற ஷீட் ஒட்டியிருந்ததால், உள்ளே அவர் தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாகத்தான் இருந்தது. அதன்பிறகு இல்லை.

காரணம் இருக்கிறது. நிறுத்திய காருக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் அளந்து வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலை விரலளவு திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. வேன் காரைவிடப் பெரியது, கொஞ்சம் மெதுவாகச் சூடாகலாம். ஆனால் உள்ளே இருப்பவர் பி.பி. மாத்திரை சாப்பிடும் 78 வயதுப் பெண். நம் ஊரில் இது வெறும் கணக்கும் இல்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவு திறக்க முடியாமல் இறந்துபோனார்கள்.

டீக்கடைக்காரர் அனுபவஸ்தர். "சார், திண்டிவனத்துல சாவி போடுற ஆளு இருக்காரு. ஞாயித்துக்கிழமை. வர்றதுக்கு முக்கா மணி நேரம் ஆவும்" என்றார். மகள் 112-க்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஏற்கெனவே ஒரு பெரிய கல்லை எடுத்து வைத்துவிட்டார். டிரைவர் பக்கக் கண்ணாடியை உடைத்தால் சாவி கிடைக்கும், ஏசியை ஓட விடலாம். ஆனால் டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. பாட்டியிடம் போக முடியாது.

அப்போதுதான் பக்கத்துப் பஞ்சர் கடைப் பையன் வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் இருந்த சின்ன மூடியைத் தட்டிப் பார்த்தான். "இது இன்னாது சார்?"

சாமான் வைக்கும் பெட்டி. கட்டிலுக்கு அடியில் போகிறது. அதன் சாவியும் டேஷ்போர்டில் கிடக்கும் கொத்தில்தான். ஆனால் பூட்டு, ஆபீஸ் மேஜை டிராயரில் போடுகிற சின்ன ரகம்.

டீக்கடைக்காரர் பூட்டைக் குனிந்து பார்த்தார். உள்ளே போய்த் தன் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொண்டு வந்தார். நுழைத்தார். திரும்பவில்லை. லேசாக வெளியே இழுத்து, ஆட்டி ஆட்டித் திருப்பினார். திறந்துகொண்டது!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. இந்த மலிவுப் பூட்டுகளுக்குள் இருப்பது நாலைந்து மெல்லிய தகடுகள்தான். சாவியின் வெட்டுகளிலும் அதிக வகை கிடையாது. தேய்ந்த சாவி பல பூட்டுகளுக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவில் கேரவன் வண்டிகளின் சாமான் அறைகளுக்கு நீண்ட காலமாக 'சி.எச். 751' என்ற ஒரே எண்ணுள்ள சாவியைத்தான் பல கம்பெனிகள் கொடுத்து வந்தன. அங்கே பக்கத்து வண்டிக்காரரிடம் சாவியை இரவல் கேட்பது சாதாரணம்.

பையன் ஒல்லி. மடித்து வைத்த நாற்காலியையும் தண்ணீர் கேனையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். மேலே கட்டில் பலகை. பலகையின் மேல் மெத்தை. மெத்தையின் மேல் பாட்டி.

"ஆயா! ஆயா! நகரு ஆயா!" என்று அடியிலிருந்து இடித்தான். காது கேட்காவிட்டாலும் முதுகுக்குத் தெரியுமே. அலறி எழுந்த பாட்டி, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தலையில் தண்ணீர்ச் செம்பால் ஓங்கி ஒன்று வைத்தார். அந்தச் சத்தம் வெளியே கேட்டதும்தான் அப்பா கல்லைக் கீழே போட்டார். மகள் 112-ல் விஷயத்தைச் சொல்லி, உதவி வேண்டாம் என்றாள். கொண்டி திறந்தபோது பாட்டியின் புடவை வேர்வையில் நனைந்து, முகம் சிவந்து போயிருந்தது. இருபத்து மூன்று நிமிடம். "மூச்சு முட்டற மாதிரி இருந்துது, கனவுன்னு நெனச்சேன்" என்றார். அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நிழலில் உட்கார வைத்து, ஈரத்துணியால் துடைத்து, மோரும் உப்பும் கொடுத்தார்கள். பையனின் நெற்றிப் புடைப்புக்கு டீக்கடை ஐஸ்.

1969-ல் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் கிருமி பயத்தால் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் டிரெய்லர் வண்டி ஒன்றில்தான் அடைத்து வைத்தார்கள். அதிபர் நிக்சனே ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினார். மகள் இதைச் சொன்னதும் பாட்டி, "அவங்களுக்கு ஏசி இருந்திருக்கும்" என்றார்.

வண்டியில் இப்போது சில மாற்றங்கள். உள்கொண்டியை எடுத்துவிட்டு, பாத்ரூம் கதவில் வருவதுபோல வெளியே இருந்து ஐந்து ரூபாய்க் காசால் திருப்பித் திறக்கும் பூட்டு. மாற்றுச்சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில். கூரையில் இன்ஜின் ஓடாவிட்டாலும் பேட்டரியில் சுற்றும் ஃபேன். நெடுஞ்சாலை உதவி எண் 1033 கதவின் வெளிப்பக்கத்தில் ஸ்டிக்கராக, ஏனென்றால் பூட்டிக்கொண்டால் நிற்கப்போவது வெளியேதான். இத்தனைக்கும் பிறகு பாட்டி மெஷினைக் கழற்றாமல் தூங்குகிறாரா என்றால், இல்லை.

பையன் பணம் வாங்க மறுத்துவிட்டான். டீக்கடைக்காரரும்தான். ஆனால் அவருக்கு அன்றைக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. தன் கல்லாச் சாவி ஊர்பேர் தெரியாத வண்டியைத் திறக்கிறது என்றால், ஊர்பேர் தெரியாத சாவி தன் கல்லாவையும் திறக்குமே? சாயந்திரமே திண்டிவனம் போய் நல்ல பூட்டாக ஒன்று வாங்கி வந்துவிட்டார்.