நீலக் கம்பி

குளிர் என்றால் நாம் அறிந்ததெல்லாம் மார்கழிப் பனிதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணிக்குச் சென்றபோதுதான் உயிரைக் குடிக்கும் குளிர் எத்தகையது என்று அறிந்தேன். அங்கே வீட்டு நிலவறையில் எரிவாயு உலை ஒன்று எரியும். வெப்பக் காற்று குழாய்களின் வழியே அறைதோறும் ஏறிவரும். எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அந்த உலைக்குச் சொல்வது கூடத்துச் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்.

எங்கள் பங்கு இல்லத்தில் இருந்தது பழைய வட்டக் கருவி. உள்ளே ஓர் உலோகச் சுருள்; அதன்மேல் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குமிழ். குளிர் மிகும்போது சுருள் அசைந்து குமிழைச் சாய்க்கும், பாதரசம் உருண்டு இரு கம்பிகளை இணைக்கும், உலை எரியும். தனக்கென்று அது மின்சாரம் கேட்டதில்லை.

2018 சனவரியில், எரிவாயுச் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பங்குப் பேரவையார் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கினர். அதைப் பொருத்தும் பணியை நானே ஏற்றேன். இறையியல் படித்தவருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் நகைத்தனர். முதலில் உலையின் மின் இணைப்பைத் துண்டித்தேன். பழைய கருவியில் சிவப்புக் கம்பி 'ஆர்' முனையிலும் வெள்ளைக் கம்பி 'டபிள்யூ' முனையிலும் இருந்தன. அவற்றுக்கு வருவது 24 வோல்ட் மட்டுமே. புதியதற்கோ திரை உண்டு, வைஃபை உண்டு. ஆதலால் இடையறாத மின்சாரம் வேண்டும். அதற்கு 'சி' என்னும் இணைப்பு தேவை. நல்வேளையாகச் சுவருக்குள் நீலக் கம்பி ஒன்று பயனற்றுச் சுருண்டு கிடந்தது. நிலவறையில் இறங்கி, அதன் மறுமுனையை உலையின் 'சி' முனையில் இணைத்தேன். (நிறத்தை மட்டும் நம்பலாகாது, எக்கம்பி எம்முனையில் உள்ளது என்பதைப் பார்த்தே செய்ய வேண்டும்.) திரை ஒளிர்ந்தது. சிறு பிள்ளையைப் போல் மகிழ்ந்தேன். பாதரசக் கருவியைக் குப்பையில் எறியாமல், நச்சுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தேன்.

அவ்வில்லத்தில் ஓய்வுபெற்ற முதிய குரு ஒருவரும் வாழ்ந்தார். நடை தளர்ந்தவர், பகலெல்லாம் தம் அறையில் நாற்காலியிலேயே இருப்பார். ஒருநாள் அண்டை ஊரில் அடக்கச் சடங்கு. வெளியே சுழியத்துக்குக் கீழே 22 பாகை செல்சியசு. பனிப்பொழிவில் சாலை அடைபட, நான் திரும்ப இரவாயிற்று. கதவைத் திறந்ததும் வீடு சில்லென்றிருந்தது.

நடந்தது இதுதான். கூடத்தில் ஆள் நடமாட்டம் உண்டா என்று அக்கருவி உணரும். நெடுநேரம் எவரும் நடக்கவில்லை. எனவே வீடு வெறுமையென்று முடிவுசெய்து வெப்பத்தை 15 பாகைக்கு இறக்கிவிட்டது. முதியோர்க்கு அவ்வளவு குளிர் வீட்டுக்குள்ளேயே உடல் வெப்பத்தை ஆபத்தாகக் குறைக்கக் கூடும். ஓடிச்சென்று பார்த்தேன். கழுத்துவரை கம்பளி, நீலம் பாய்ந்த விரல்கள். செலவைக் குறைக்க நான்தான் இப்படி வைத்திருக்கிறேன் என்று அவர் எண்ணியிருந்தார். அதனால் என்னை அழைக்கவும் இல்லை.

அன்றிரவே அந்த வசதியை நிறுத்தினேன். கம்பிகளைப் பிழையறப் பொருத்திய எனக்கு, அவ்வீட்டில் அசையாமல் ஒருவர் இருக்கிறார் என்பது எப்படித் தோன்றாமற்போயிற்று?

அதே மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியராயிருந்த வாரன் ஜான்சன், 1883-இல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். அதுவரை அவர் பள்ளியில் வகுப்புதோறும் பணியாளர் ஒருவர் நுழைந்து வெப்பத்தைப் பார்த்துச் செல்வாராம். வகுப்புக்கு அது இடையூறுதான். ஆயினும் ஓர் ஆள் வந்து பார்த்தார்.

மறுநாள் முதியவரின் அறையில் சாதாரண வெப்பமானி ஒன்றை மாட்டினேன். கூடத்துத் திரை 20 பாகை காட்டிற்று. அவர் அறையில் 17. பழைய கருவியும் கூடத்தில்தானே இருந்தது? எத்தனை குளிர்காலங்களாக இப்படி என்று கேட்டேன். அவர் புன்னகைத்தாரேயன்றி விடை சொல்லவில்லை.