14 கோடி எலுமிச்சம்பழம்

மே மாதக் கடைசியில் ஃபைனல் முடிந்து, கோப்பையைத் தூக்கி, வாணவேடிக்கை விட்டதும் ஐ.பி.எல். முடிந்துவிட்டது என்று நினைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு சீஸன் ஆரம்பிப்பதே நவம்பரில்தான். ஒரு பந்துகூட வீசப்படாத சீஸன். யாரை வைத்துக்கொள்கிறார்கள், யாரைக் கழற்றி விடுகிறார்கள், யாரைக் கொடுத்து யாரை வாங்குகிறார்கள்... கள்ளக்குறிச்சியில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த மாதத்தில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்து யாரும் பேசுவதில்லை. சட்டைப் பையில் இருப்பது டீக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

2025 நவம்பர் 15-ம் தேதி வந்த செய்தி ஞாபகம் இருக்கும். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை. எங்கள் டீக்கடை மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "என்னா சார், தளபதியையே தூக்கிக் குடுத்துட்டானுங்க?" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. 2023 ஃபைனலில் கடைசி 2 பந்துகளில் 10 ரன் வேண்டும் என்ற நிலையில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்தவரை எப்படி மறப்பது? அன்றைக்கு மழையால் ஆட்டம் தள்ளித் தள்ளி நள்ளிரவு தாண்டி முடிந்தது. நம்மில் பாதிப் பேர் மறுநாள் வேலைக்கு லேட்.

ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் கணக்குப்படி இது சரியான வியாபாரம். 2025 சீஸனில் சென்னை 14 ஆட்டங்களில் 4 மட்டும் ஜெயித்து, சரித்திரத்தில் முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ஜடேஜாவுக்கு 37 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்சனுக்கு 31. விக்கெட் கீப்பர், மேலே இறங்கி அடிக்கக் கூடியவர், கேப்டனாக இருந்த அனுபவமும் உண்டு. தோனிக்கு அப்புறம் யார் என்ற கேள்வியைப் பல வருஷமாக 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட அணி, ஒரு வழியாகப் பதில் எழுதியிருக்கிறது.

இதற்கு அடுத்த மாதம் நடந்ததுதான் வேடிக்கை. டிசம்பர் 16, அபுதாபியில் ஏலம். சென்னை 43.40 கோடியோடு போய் உட்கார்ந்தது. உத்தரப் பிரதேசத்துப் பையன் பிரசாந்த் வீர், ராஜஸ்தான் பையன் கார்த்திக் சர்மா. இரண்டு பேருக்கும் இருபது வயதைச் சுற்றித்தான். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அடிப்படை விலை 30 லட்சம். முடிந்த விலை தலைக்கு 14.20 கோடி. கிட்டத்தட்ட 47 மடங்கு! 2018-ல் 'அப்பாக்கள் படை' என்று கிண்டல் செய்யப்பட்டு, அதே வருஷம் கோப்பையையும் தூக்கிய அணி இப்படி மாறும் என்று யார் நினைத்தது?

"இது அநியாயம் சார்" என்பீர்கள். இல்லை, இது ஏலம். ஏலத்தில் விலை என்பது சரக்கின் மதிப்பு அல்ல. எதிரே கை தூக்குகிறவனின் பிடிவாதமும், அவன் பையில் மிச்சமிருக்கும் பணமும்தான் விலை. இதைப் புரிந்துகொள்ள அபுதாபி வரைக்கும் போக வேண்டாம். பக்கத்தில் விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் என்ற ஊர். அங்கே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். குழந்தை வரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. 2024-ல் 9 பழங்கள் 2 லட்சத்துச் சொச்சத்துக்குப் போயின. ஒரு பழம் மட்டும் 50,500 ரூபாய். சந்தையில் அதே பழம் என்ன விலை என்று கேட்பவருக்கு விஷயம் புரியவில்லை என்று அர்த்தம். அவர்கள் பழத்தையா வாங்கினார்கள்? வரப்போகிற ஒன்றின் மேல் வைத்த நம்பிக்கையை வாங்கினார்கள். சென்னை வாங்கியதும் 2 எலுமிச்சம்பழங்கள்தான். பலித்ததா இல்லையா என்று ஒரு சீஸனை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நம்ம பக்கத்து ஆள் நடராஜனைப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. 2017-ல் 10 லட்சம் அடிப்படை விலையில் வந்தவரைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷமே ஹைதராபாத்துக்கு 40 லட்சம். அங்கே 2 சீஸன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2020-ல் பந்தைக் கையில் கொடுத்தார்கள். யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். அதே கையோடு ஆஸ்திரேலியா போய், ஒரே டூரில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம். 2022-ல் 4 கோடி. 2025 சீஸனுக்கு டெல்லி கொடுத்தது 10.75 கோடி. 3 கோடி, 40 லட்சம், 4 கோடி, 10.75 கோடி! தக்காளி விலைகூட இப்படி ஏறி இறங்காது. ஆனால் ஆள் அதே ஆள், கை அதே இடது கை. சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் ஒரு மைதானம் கட்டி 2023-ல் திறந்தார். ஏலத்தில் யாரும் விலை கூற முடியாதது அது ஒன்றுதான்.

இப்போது டீக்கடை மாஸ்டருக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். டிரேடு என்றதும் ரசிகர்களுக்குத் துரோகம் மாதிரி தோன்றுகிறது. ஏலம் என்றால் திருவிழா. எனக்கு நேர் எதிராகப் படுகிறது. டிரேடு நடக்க வேண்டுமானால் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும் என்பது ஐ.பி.எல். விதி. ஏலத்தில் பெயர் கொடுத்துவிட்டால் எந்த ஊர் கூப்பிட்டாலும் போக வேண்டியதுதான். சரியான காரணம் இல்லாமல் வரமாட்டேன் என்றால் 2 வருஷத் தடை. இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025-ல் அப்படித்தான் மாட்டினார்.

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் பார்த்திருக்கிறீர்களா? மக்காச்சோள மூட்டை வரிசையாக இருக்கும். வியாபாரிகள் அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். அதிக விலையைச் சொன்ன பிறகும் விவசாயி "கட்டாதுங்க" என்று சொல்லி மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். மக்காச்சோளத்துக்காரருக்கு இருக்கிற அந்த உரிமை, 14 கோடி ஆட்டக்காரருக்கு இல்லை!

ஜடேஜாவின் கதையே இதற்கு உதாரணம். 2008-ல் அவர் ஆரம்பித்தது ராஜஸ்தானில்தான். விதியை மீறி வேறு அணியோடு தானே பேசினார் என்று 2010 சீஸன் முழுக்க அவரை ஆடவிடவில்லை. தனக்கு எங்கே போக வேண்டும் என்று தானே முடிவெடுக்கப் பார்த்ததற்குத் தண்டனை. 15 வருஷம் கழித்து அதே ராஜஸ்தானுக்கு, 18 கோடி சம்பளத்தை 14 கோடியாகக் குறைத்துக்கொண்டு, தன் சம்மதத்தோடு போகிறார். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? 4 கோடியை விட்டுக்கொடுத்தாவது ஒரு மனுஷன் போகிறான் என்றால் அவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், என் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே தெரியும் கல்வராயன் மலை. அங்கே ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்புறமும் புரோக்கர் வருவார், முன்பணம் கொடுப்பார், கர்நாடகாவிலோ கேரளாவிலோ ஏதோ ஒரு எஸ்டேட்டுக்குக் குடும்பத்தோடு வண்டி ஏற வேண்டும். எந்த எஸ்டேட், எத்தனை மாதம் என்பதெல்லாம் ஏறின பிறகுதான் தெரியும். வெள்ளிமலைப் பக்கத்து நண்பர் ஒருவர், ஏல நாளன்று டி.வி.யில் 'விற்கப்பட்டார்' என்று சுத்தியல் தட்டியதும் முகம் சுளித்தார். "மனுஷனை வித்தாங்கன்னு சொல்லிட்டுக் கைதட்டுறாங்களே அண்ணே" என்றார். கோடிகள் வாங்குகிறவரையும் கூலிக்காரரையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். பணம் ஆட்டக்காரருக்கே போகிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கேட்பதற்குக் கோர்ட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தை உறுத்தத்தான் செய்கிறது. 'எடுக்கப்பட்டார்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மலையிலும் கிரிக்கெட் உண்டு, தெரியுமா? மரவள்ளி பிடுங்கின காட்டில் டென்னிஸ் பால் மேட்ச். கீழ்நாட்டு டோர்னமென்டுகளுக்கு அந்தப் பையன்களை 'கெஸ்ட் பிளேயர்' என்று அழைத்து வருவார்கள். பஸ் செலவு, பிரியாணி, ஜெயித்தால் கையில் கொஞ்சம் பணம். இதுவும் ஒரு டிரேடுதான். ஆனால் அதற்கு மேலே ஏற ஏணி கிடையாது. டி.என்.பி.எல். 2016-ல் ஆரம்பித்தபோது 8 அணிகள். 2023-ல் அங்கேயும் ஏலம் வந்தது. கள்ளக்குறிச்சி பெயரில் அணி இல்லை. 2019-ல்தான் மாவட்டமே ஆனோம், அவசரப்படக் கூடாது என்கிறீர்களா? சரி. ஒரு ஒழுங்கான டர்ஃப் விக்கெட்டும், வெள்ளிமலையிலிருந்து பயிற்சிக்கு வந்து போக ஒரு பஸ் பாஸும் கேட்பது அவசரமா?

அபுதாபியில் பட்டியலில் இருந்தவர்கள் 350-க்கும் மேல். எடுக்கப்பட்டவர்கள் 77. மிச்சப் பேரில் சிலரின் பெயரைப் படித்து, சிறிது இடைவெளி விட்டு, 'அன்சோல்ட்' என்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். 2022-ல் சுரேஷ் ரெய்னாவுக்கே அதுதான் நடந்தது. அடுத்த ஏலம் வரும்போது நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். 14 கோடி, 25 கோடி எல்லாவற்றையும் மறுநாள் பேப்பர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் மட்டும் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு அப்பா எழுந்து போய், "சரி, சாப்புட வா" என்று கூப்பிடுவது கேட்கும்.