மலைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை

அக்னி நட்சத்திரம் முடிந்து பத்து நாள் ஆகியும் தியாகதுருகம் கோட்டைமலைப் பாறையில் சூடு தணியவில்லை. மாலை வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாங்களுமாகப் பதினொரு பேர் கள்ளக்குறிச்சிக்கு முதல் பஸ் ஏறினோம். கருணாபுரம் சாவுகளுக்கு ஓராண்டு நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. அதற்குமுன் கல்வராயன் மலையை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள்தான் கேட்டார்கள்.

கச்சிராயபாளையம் வரை வழியெங்கும் கரும்பு. வெட்டி முடித்த கொல்லைகளில் கட்டைக்கரும்பு முழங்கால் உயரம் துளிர்த்திருந்தது. "எங்கம்மா வெட்டின கொல்லைண்ணா இது" என்று ஒரு தம்பி ஜன்னல் வழியே கை காட்டினான். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்துதான் எரிசாராயம் வடிக்கிறார்கள். மலையில் போடும் ஊறலுக்கு வெல்லமும் வேலம்பட்டையும் போகின்றன. ஆக, பாட்டிலுக்கும் பானைக்கும் மூலம் இந்தக் கரும்புதான். அதை வெட்டும் கை நம்முடையது.

பிரான்சில் போர்டோ என்றால் உலகம் ஒயினை நினைக்கிறது. ஊர்ப்பெயரைப் பாட்டிலில் ஒட்டிப் பெருமையோடு விற்கிறார்கள். கள்ளக்குறிச்சி என்றால் வரிசையாகக் கிடத்திய பிணங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

பரிகம் தாண்டி மலைப்பாதையில் இறங்கி நடந்தோம். மூங்கில் புதர்கள் காய்ந்து சரசரத்தன. கடுக்காய் மரத்தடியில் பிள்ளைகள் நின்று காயைப் பொறுக்கினார்கள். பெரியார் அருவியில் கோடைக்கடைசியின் மெல்லிய நீர்தான் பாறையை ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. அதன் அருகே பலாச்சுளை விற்ற பாட்டி எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அருவி பாக்க வந்தீங்களா, ஊறல் தேடி வந்தீங்களா?"

நாங்கள் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. இந்த மலைக்கு வருகிறவர்கள் அவருக்குத் தெரிந்து இரண்டே வகை.

மலையாளிப் பழங்குடி மக்களின் இந்த மலை, தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1947-ல் நாடு விடுதலை அடைந்ததாகப் படிக்கிறோம். இங்கே ஜாகீர் ஆட்சி முடிந்தது 1976-ல். ஓட்டுரிமை கிடைத்தது 1996-ல். இதைச் சொன்னபோது பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒருத்தி, "எங்க அக்கா பிறந்த வருசம்" என்றாள். அதற்குமேல் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் குடித்தவர்கள் சாக ஆரம்பித்ததும் போலீஸ் இந்த மலையேறிப் பேரல் பேரலாக ஊறலைக் கொட்டி அழித்தது. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்து மலையில் யாரும் அதைக் காய்ச்சுவதில்லை. அந்த விஷம் ஆலைகளின் உலகத்திலிருந்து, ரசீதும் லாரியும் உள்ள பாதையில் வருவது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் மதுராந்தகத்திலும் சாகடித்ததும் அதே மெத்தனால்தான். அப்போதே அந்தப் பாதையை அடைத்திருந்தால் அடுத்த ஆண்டு 65-க்கும் மேற்பட்டோரைப் புதைத்திருக்க மாட்டோம்.

மலையில் சாராயம் காய்ச்சுவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அதைப் புனிதப்படுத்தவும் இல்லை. நிலப்பட்டாவும் சாலையும் வேலையும் மருத்துவமனையும் வந்துசேராத இடத்துக்குப் போலீஸ் ஜீப் மட்டும் தவறாமல் வந்துசேர்வது ஏன் என்றுதான் கேட்கிறோம். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்தது. அதற்கு அத்தனை சாவுகள் தேவைப்பட்டன.

இறங்கும்போது பஸ்ஸில் ஒரு பெரியவர் சொன்னார்: "குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சம். எதுக்கு?" நம் ஊர் டீக்கடையிலும் கேட்ட பேச்சுதான். எங்களில் ஒருவர் மெதுவாகப் பதில் சொன்னார்: "ஐயா, மூட்டை தூக்கி, சாக்கடை அள்ளிட்டு வர்ற உடம்பு ராத்திரி தூங்காதுங்க. டாஸ்மாக்ல குவார்ட்டர் 140 ரூபா. பாக்கெட் 60 ரூபா. அன்னைக்குக் கையில இருந்தது அவ்வளவுதான்." பெரியவர் பதில் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தோழர்களே, குடி நம் தெருக்களை அரிக்கிறது. அதை முதலில் எதிர்த்தவர்கள் நம் அம்மாக்கள்தான். ஆனால் குடியை எதிர்ப்பது வேறு, குடித்தவன் சாவை நியாயப்படுத்துவது வேறு. இரண்டாவதில் சாதி ஒளிந்திருக்கிறது. பணக்காரர் வீட்டுக் குடி உடல்நலப் பிரச்சினை ஆகிறது. நம் தெருக் குடி மட்டும் ஒழுக்கக்கேடு ஆகிறது.

நீங்களும் இந்த மலைக்கு வாருங்கள். அருவி பாருங்கள், பலாச்சுளை வாங்குங்கள். கூடவே பட்டா இருக்கிறதா, ஆம்புலன்ஸ் வருகிறதா, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பாட்டி அடுத்த முறை மூன்றாவதாக ஒரு வகையையும் சேர்த்துக் கேட்கட்டும்.